தீவன விதைக்குத் தாய் யார்?

கூட்டுறவுச் சங்கங்களின் இருப்புப் புத்தகங்களைப் பார்வையிடுவது என் அன்றாட அலுவல். விதை வந்த தேதி, மூட்டைக் கணக்கு, கிலோ ஒன்றின் விலை, வண்டிக் கூலி, அங்கத்தினருக்கு வழங்கிய அளவு, மிச்சம் ஆகிய யாவும் அப்புத்தகங்களில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். ஒரு விவரத்தை மட்டும் அவற்றில் காண்பது அரிது. அவ்விதை எந்தத் தாய்ப் பயிரில் விளைந்தது, எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எத்தகைய நிலத்தில் விளைந்தது என்பதே அது. நெல்லுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஓரளவு கேட்கப்படும் இக்கேள்வி, தீவனப் பயிர்களின் விதைக்கு மட்டும் கேட்கப்படுவதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்பதும், கேளாமையால் அங்கத்தினருக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று என்பதும், கேட்பதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் சங்கங்கள் தாமே செய்துகொள்ளக் கூடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மலையின் நிலைமை

நீலகிரியில் தேயிலைக்கும் காய்கறிக்கும் போக எஞ்சிய நிலமே மாட்டுத் தீவனத்துக்கு உரியது. அந்த நிலமும் சரிவிலும் ஓரத்திலும் துண்டு துண்டாகக் கிடப்பது. உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். உயர்ந்த பள்ளத்தாக்குகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுந்து புல் கருகுகின்றது. அம்மாதங்களில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர், சமவெளியிலிருந்து மலையேறி வரும் வைக்கோலை அதன் வண்டிச் சத்தத்தோடு சேர்த்து வாங்க நேரிடுகின்றது. பால் பணத்தில் பெரும் பங்கு இவ்வாறு தீவனத்துக்கே போய்விடுமானால், மாட்டுக் கடனின் தவணை எங்கிருந்து வரும்?

இத்துன்பத்துக்குப் பரிகாரம் தீவனப் பயிரே என்பது யாவரும் அறிந்ததாகும். கிக்குயு புல்லையும் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லையும் கரணையாலும் வேர்க் கட்டையாலும் நடுகின்றோம். ஓட்ஸ், குதிரைமசால், வேலிமசால், க்ளோவர் ஆகியவற்றை விதையால் பயிரிடுகின்றோம். விதைப் பயிர்களின் கதி முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடுகின்றது. மழை ஈரம் நிற்கும் சில வாரங்களுக்குள் நாற்று வேரூன்றி இலை பரப்பவேண்டும். தவறினால் களை முந்திக்கொள்ளும், அல்லது பனி வந்து முடித்துவிடும். குதிரைமசால் ஒருமுறை நன்றாக நிலைத்துவிட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் அறுவடை தரும். ஆதலால் முதல் மாதத்தில் இளைத்த பாத்தி, அத்தனை ஆண்டுகளும் இளைத்த பாத்தியாகவே இருந்துவிடும்.

முளைப்பு வேறு, வீரியம் வேறு

விதைப் பையின் சீட்டைப் படித்துப் பார்த்தோமானால், 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்துக்கு இணங்க இரகத்தின் பெயர், குவியல் எண், தூய்மை வீதம், முளைப்பு வீதம் முதலியன அச்சிடப்பட்டிருக்கும். முளைப்பு வீதம் என்பது, தக்க ஈரமும் வெப்பமும் கொடுத்துச் சோதனைச்சாலையில் பார்த்த எண்ணிக்கை. அங்கே மண் இறுகுவதில்லை, குளிர்காற்று வீசுவதில்லை, களையும் இல்லை. நமது சரிவு நிலத்திலோ இவை யாவும் உண்டு. இத்தனை இடையூறுகளையும் கடந்து விரைவாகவும் ஒரே சீராகவும் மேலெழும்பும் ஆற்றலையே நாற்றின் வீரியம் என்கின்றோம். வீரியத்தைச் சீட்டில் எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே 80 வீதம் முளைப்புள்ள இரண்டு பைகள் சீட்டில் சமமாகவும் நிலத்தில் வெவ்வேறாகவும் இருக்கலாம்.

ஒரு சங்கத்தில் நான் கண்டதைச் சொல்கின்றேன். ஒரே இரகமான ஓட்ஸ் விதை, இரண்டு குவியல்களாக வந்து, ஒரே வாரத்தில் அங்கத்தினருக்கு வழங்கப்பட்டது. ஒரு பகுதியாருக்குப் பயிர் பாயாகப் படர்ந்தது. மற்றொரு பகுதியாருக்கு இடைவெளியும் களையுமாக நின்றது. நிர்வாகக் குழுவில் வாக்குவாதம் எழுந்தது. உழவு சரியில்லை என்றார் ஒருவர். எரு போதவில்லை என்றார் மற்றொருவர். குருவி தின்றது என்பாரும் இருந்தார். எந்தக் குவியல் எந்த அங்கத்தினருக்குச் சென்றது என்பதை அறியப் புத்தகத்தில் வழியில்லை. ஆகையால் குற்றம் முழுதும் விதைத்தவர்கள் தலையில் விழுந்தது. பதிவு இல்லாத இடத்தில் பழி ஏழையின் மீதே ஏறும் என்பது, கணக்குப் பார்ப்பவர் யாவரும் அறிந்த உண்மை.

தாய் தரும் மூன்று சீதனங்கள்

விதையில் தந்தையின் பங்கு மகரந்தத் துகளொன்றில் அடங்கிவிடுகின்றது. தாயின் பங்கோ மூன்று வகையில் வந்து சேர்கின்றது.

முதலாவது, கட்டுச்சோறு. பச்சை இலை விரிந்து தானே உணவு சமைக்கும் வரை நாற்று உண்பது, தாய்ப் பயிர் கட்டிக் கொடுத்த சேமிப்பையே. 1898இல் ருஷ்ய விஞ்ஞானி நவாஷின் கண்டறிந்தபடி, பூக்கும் தாவரங்களில் இரட்டைக் கருவுறுதல் நிகழ்கின்றது. அதனால் உருவாகும் முளைசூழ் தசையில் தாயின் பங்கு இரண்டும் தந்தையின் பங்கு ஒன்றுமாகும். ஓட்ஸ், சோளம், கம்பு ஆகிய தானிய வகைகளில் மாவாக நாம் காண்பது இத்தசையே. குதிரைமசால், தட்டைப்பயறு முதலிய பயறு வகைகளில் சேமிப்பு விதையிலைகளில் இருக்கின்றது. எங்கே சேர்ந்தாலும் அதை நிரப்புவது தாயே. பெருத்த விதையின் நாற்று ஆழத்திலிருந்தும் மேலே வரும். முதல் இலையும் அகன்று விரியும்.

இரண்டாவது, போர்வை. விதையின் தோல் கருவின் உடைமையன்று. தாயின் சூலுறையே முற்றித் தோலாகின்றது. வேலிமசால் விதையை வெந்நீரில் நேர்த்தி செய்த பின்னரே விதைக்கவேண்டும் என்று வேளாண்மைத் துறையினர் சொல்வதை அங்கத்தினர் அறிவர். நீர் புகாத அத்தோலின் கடினம் தாயிடமிருந்து வந்தது. அது எந்த அளவுக்கு இறுகும் என்பதைத் தாய்ப்பயிர் முற்றிய காலத்து வெயிலும் வறட்சியும் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

மூன்றாவது, உயிரணுவின் குழம்பு. இதனை விஞ்ஞானிகள் சைட்டோபிளாசம் என்பர். பச்சைய மணிகளும் மூச்சுவிடும் மைட்டோகாண்டிரியாக்களும் இதனுள் இருக்கின்றன. பெரும்பாலான பயிர்களில் இவை தாய் வழியே மட்டும் சந்ததிக்குச் செல்கின்றன. ஜெர்மானிய விஞ்ஞானி காரென்ஸ் 1909இல் இதை விளக்கிக் காட்டியது, நம் வீட்டு முற்றங்களில் மாலையில் மலரும் அந்திமந்தாரையைக் கொண்டே. பச்சையும் வெள்ளையும் கலந்த இலையுடைய செடியில், பச்சைக் கிளையின் பூவில் விளைந்த விதைகள் பச்சை நாற்றையே தந்தன. வெள்ளைக் கிளையின் விதைகள் வெள்ளை நாற்றைத் தந்தன; அவை பச்சையம் இல்லாமையால் மடிந்தன. மகரந்தம் எந்தக் கிளையினின்று வந்தது என்பதால் யாதொரு மாறுதலும் நேரவில்லை. இவ்விதிக்கு விலக்கும் உண்டு. குதிரைமசாலில் பச்சைய மணிகள் தந்தை வழியாகவும் பெருமளவில் இறங்குகின்றன என்று பின்னைய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே ஒரு பயிரில் கண்டதை எல்லாப் பயிருக்கும் ஏற்றிச் சொல்வது தகாது.

நெசவாளருக்கு ஒரு சொல்

இப்பத்திரிகையை வாசிக்கும் நெசவாள அங்கத்தினர்கள், தீவன விதைக்கும் தறிக்கும் என்ன தொடர்பு என்று கருதலாம். பருத்திப் பஞ்சு என்பது விதைத் தோலின் மேற்புறத்து உயிரணுக்கள் நீண்டு வளர்ந்த இழையே. விதைத் தோல் தாயின் உடைமை என்று மேலே கூறினோம். எனவே பஞ்சும் தாயின் உடைமையே. ஒரு பருத்திப் பூவில் வேறு இரகத்தின் மகரந்தத்தைத் தூவினாலும், அக்காயில் வெடிக்கும் பஞ்சு தாய்ச் செடியின் தன்மையை உடையதாகவே இருக்கும். தந்தையின் குணம் அவ்விதையை விதைத்து வளர்த்த அடுத்த தலைமுறைச் செடியின் பஞ்சில்தான் வெளிப்படும். கோயம்புத்தூரில் உருவாகி 1974இல் வெளிவந்த, மிக நுண்ணிய நூலுக்குப் பெயர்பெற்ற சுவின் பருத்தி, சுஜாதா என்ற இரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற இரகத்தையும் ஒட்டிப் பெற்றதாகும். ஒட்டைக் குறிக்கும்போது தாயின் பெயரை முன்னும் தந்தையின் பெயரைப் பின்னும் எழுதுவது ஆராய்ச்சியாளர் மரபு. சுவின் என்ற பெயரிலும் அவ்வரிசையே அமைந்திருக்கின்றது. ஆராய்ச்சிசாலைப் புத்தகத்தில் முதலிடம் பெறும் தாய்க்கு, நமது இருப்புப் புத்தகத்தில் கடைசி இடமும் இல்லாதது நியாயமா?

கோயம்புத்தூர் தந்த பாடம்

தீவனப் பயிரில் தாயைத் தேர்ந்தெடுப்பதன் அருமைக்கு நம் அண்டையிலேயே சான்று இருக்கின்றது. இந்தியாவில் கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டிய முதல் கலப்பினம் 1953இல் கோயம்புத்தூரில் உருவாயிற்று. பின்னர் 1961இல் டில்லியில் பூசா ஜயன்ட் நேப்பியர் வெளிவந்தது. இந்த ஒட்டில் கம்பையே தாயாகக் கொள்வது வழக்கம். அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. கம்பின் கதிரில் சூல்முடிகள் மகரந்தப் பைகளுக்குச் சில நாள் முந்தி வெளிவருவதால், பூவை அறுத்து வேலை செய்யாமலே நேப்பியர் மகரந்தத்தைத் தூவிவிடலாம். அன்றியும் நேப்பியர் விதை மிகச் சிறியது; எளிதில் உதிர்வது; அதன் நாற்று மெலிந்தது. கம்பின் கதிரில் விளையும் ஒட்டு விதையோ பெருத்தது. அதன் நாற்று திடமானது. புல்லின் நெடுநாள் வாழ்வு தந்தையிடமிருந்து வர, நாற்றுப் பருவத்துத் திடத்தைத் தாய் கொடுத்தாள்.

கம்பின் குரோமோசோம்கள் 14. நேப்பியரின் குரோமோசோம்கள் 28. இரண்டும் பாதி பாதியாகச் சேர்ந்து 21 ஆவதால் ஒட்டுப்புல் மலடாகின்றது, விதை பிடிப்பதில்லை. ஆதலின் அதைக் கரணையால்தான் பெருக்கவேண்டும். 2008இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4 என்னும் கம்பு-நேப்பியரும், கம்பு கோ 8ஐத் தாயாகவும் நேப்பியர் எஃப்.டி. 461ஐத் தந்தையாகவும் கொண்டு பெற்றதேயாகும். உறைபனி விழும் உயர்ந்த இடங்களுக்கு இப்புல் பொருந்தாது. பனி குறைந்த தாழ்ந்த சரிவுகளுக்கே ஏற்றது. அங்கே கரணை வாங்கும் அங்கத்தினரும் தாயைக் கேட்கவேண்டும். நோயுற்ற தூரிலிருந்தும் முற்றாத தண்டிலிருந்தும் வெட்டிய கரணை, கோ 4 என்ற பெயரைச் சுமந்திருந்தாலும் திடமான தூரைத் தராது.

சீதனம் எத்தனை நாள்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பெருத்த விதையின் நாற்று முந்துவதைக் கண்டு, அதன் பரம்பரையே உயர்ந்தது என்று முடிவு செய்வது தவறாகும். தாயின் சேமிப்பால் வந்த முந்துதலும், செடியின் சொந்தக் குணத்தால் வந்த முந்துதலும் முதல் மாதத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறியவே ஆராய்ச்சியாளர்கள் ஒட்டை இருபுறமும் மாற்றிச் செய்கின்றனர். ஒருமுறை முதல் இரகம் தாயும் இரண்டாம் இரகம் தந்தையும் ஆகும். மறுமுறை தாய் தந்தையாகவும் தந்தை தாயாகவும் மாறும். இருவகை நாற்றுகளும் வேறுபட்டால், அவ்வேறுபாடு தாயின் கொடையென்று கொள்ளலாம். வளர வளர அது மறைந்துவிட்டால் கட்டுச்சோற்றின் வேலை. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால் சைட்டோபிளாசத்தின் வேலை. இந்தச் சோதனை செய்யாமல் நாற்றங்காலில் முந்தியவற்றை மட்டும் பொறுக்கினால், நல்ல பரம்பரையைப் பொறுக்குவதாக எண்ணிக்கொண்டு நன்றாக உண்ட குழந்தைகளையே பொறுக்கியவர்களாவோம்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து வெய்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பிளாக் என்பவர் 1950களில் செய்த சோதனைகள் இதனை நன்கு விளக்குகின்றன. நிலத்தடிக் க்ளோவர் என்னும் தீவனப் பயிரின் விதையைப் பருமன் வாரியாகப் பிரித்து, தனித்தனிப் பாத்திகளில் அவர் விதைத்தார். முதலில் பெரிய விதையின் பாத்தி முந்தியது. இலைகள் தரையை மூடிய பின்னர் அந்த வேறுபாடு குறைந்துகொண்டே வந்தது. பெரிய விதையையும் சிறிய விதையையும் ஒரே பாத்தியில் கலந்து விதைத்தபோது கதை வேறாயிற்று. பெரிய விதையின் செடிகள் மேலே படர்ந்து வெளிச்சத்தைக் கவர, சிறிய விதையின் செடிகள் நிழலில் ஒடுங்கின.

நமது நிலைமைக்கு இதனால் பெறப்படுவது யாதெனில், போட்டி இல்லாத இடத்தில் சிறு விதையும் காலப்போக்கில் பெரிய விதையை எட்டிப் பிடிக்கும். போட்டி உள்ள இடத்தில் அதற்கு அந்த அவகாசம் கிடைக்காது. களையும் பனியும் போட்டியிடும் நீலகிரிச் சரிவில் தாயின் சீதனம் ஒரு மாதமே நீடித்தாலும், அந்த ஒரு மாதமே பயிரின் வாழ்வைத் தீர்மானிக்கின்றது. அன்றியும், பருமன் பிரிக்காமல் கலந்த விதைக்காக நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி நிழலில் ஒடுங்கும் செடிக்கே போகின்றது.

ஒரே தாயை நம்புவதன் அபாயம்

தாயின் பெருமையைப் பேசும்போது, ஒரே தாயை நம்பிக் கெட்ட வரலாற்றையும் மறத்தல் ஆகாது. அமெரிக்காவில் மக்காச்சோள ஒட்டு விதை உற்பத்தியாளர்கள், ஆண்பூவைக் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்த, டெக்சாஸ் சைட்டோபிளாசம் என்னும் ஆண்மலட்டுத் தாய் வரிசையைக் கையாண்டனர். இரகங்களின் பெயர்கள் பலவாயினும் தாய் வழி ஒன்றாகவே இருந்தது. 1970இல் இலைக்கருகல் பூசணத்தின் ஒரு வகை அத்தாய் வழியையே தாக்கியது. நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் ஏறக்குறைய 15 வீதம் அவ்வாண்டில் அழிந்தது. பல வர்ணப் பைகளில் ஒரே தாயின் விதை வந்ததை வாங்கியவர் எவரும் அறிந்திருக்கவில்லை. தாயைப் பதிவு செய்யவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாய்ப்பயிரின் ஊட்டம்

ஒரே இரகத்தின் விதையே இடத்துக்கு இடம் மாறுவது எவ்வாறு? தாய்ப்பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் ஈரமின்றி வாடினால் மணி சிறுத்துவிடும். முற்றுமுன் அறுத்தாலும் அப்படியே. அறுவடையில் மழை நனைத்து, சரியாகக் காயாமல் மூட்டையில் புழுங்கினால், பருமனான விதையும் வீரியம் இழக்கும். தீவனத்துக்காகப் பலமுறை அறுத்து, ஓய்ந்துபோன பின் கடைசியில் விதைக்கு விட்ட பயிரின் விதையும், ஆரம்பத்திலிருந்தே விதைக்கென்று வளர்த்த பயிரின் விதையும் ஒன்றாகா.

நீலகிரி மண் புளிப்பு மிகுந்தது. அத்தகைய மண்ணில் பயறு வகைகளுக்கு மணிச்சத்தும் மாலிப்டினமும் எளிதில் கிட்டுவதில்லை. விதை விளைந்த நிலம் இச்சத்துக்களில் வளமாக இருந்தால், தாய் அவற்றையும் விதையில் சேர்த்து அனுப்புகின்றது. நாற்றின் முதற்பருவத்துக்கு அச்சேமிப்பு துணை நிற்கின்றது. சுண்ணாம்பு இடவேண்டிய அவசியம் இதனால் நீங்கிவிடாது. ஆயினும் எந்த நிலத்தில் விளைந்த விதை என்று கேட்பது வீண் கேள்வியன்று என்பது இதனால் தெளிவாகும்.

குதிரைமசாலுக்கு மற்றொன்றும் வேண்டும். அதன் பூவைத் தேனீ வந்து விரித்து, வேறு செடியின் மகரந்தத்தைச் சேர்த்தால்தான் நல்ல விதை மிகுதியாகப் பிடிக்கும். தன் மகரந்தத்தாலேயே விளைந்த விதையின் சந்ததி மெலிந்துபோகும். தேனீ இல்லாத இடத்தில் தாய் எத்துணை ஊட்டம் பெற்றிருந்தும் பயன் குறைவே.

ஆட்சேபணைகள்

இக்கருத்துக்குச் சில ஆட்சேபணைகள் கூறப்படுகின்றன. பருத்த விதை வாங்கினால் கிலோவுக்கு எண்ணிக்கை குறையும் என்பது ஒன்று. அது மெய்யே. ஆயிரம் விதை 2 கிராம் நிற்குமானால் கிலோவில் 5 லட்சம் விதைகள் இருக்கும், 2.5 கிராம் நிற்குமானால் 4 லட்சமே இருக்கும். ஆயின் நமக்கு வேண்டியது பையில் உள்ள எண்ணிக்கையன்று. ஒரு மாதம் கழித்து நிலத்தில் நிற்கும் எண்ணிக்கை. இரண்டு விதையையும் தன் மண்ணில் விதைத்து எண்ணிப் பார்த்த பின்னரே எது மலிவு என்று ஒரு சங்கம் சொல்ல இயலும். சிறு விதையே போதும் என்று சோதனையில் தெரியவந்தால், அதையே வாங்கட்டும், எனக்கு ஆட்சேபணையில்லை. எண்ணிப் பாராமல் சொல்வதைத்தான் ஏற்கமுடியாது.

சான்று பெற்ற விதையென்றால் மேலும் கேட்பதற்கு என்ன இருக்கின்றது என்பது மற்றொன்று. சான்று இரகத்தின் தூய்மைக்கும் முளைப்புக்கும் உறுதி கூறுகின்றது. அது பெரிய உதவியே. ஆனால் நம் மலையின் குளிரிலும் புளிப்பு மண்ணிலும் நாற்று எவ்வாறு எழும் என்பதற்கு அது உறுதி கூறவில்லை.

சிறு சங்கத்துக்கு இத்தனை வேலை எதற்கு என்று கேட்பாரும் உளர். நீலகிரி அங்கத்தினர்களுக்கு இது புதிய பழக்கமன்று. தேயிலைக் கரணை வாங்கும்போது தாய்ச்செடி எது என்று கேளாதவர் எந்தக் கிராமத்திலும் இல்லை. 1961இல் உருளைக்கிழங்கு வயல்களில் நூற்புழு கண்டறியப்பட்ட பிறகு, விதைக்கிழங்கு எந்த வயலிலிருந்து வந்தது என்பதைக் கேட்கும் வழக்கம் வலுப்பட்டது. தேயிலைக்கும் கிழங்குக்கும் காட்டும் எச்சரிக்கையை மாட்டின் வாய்க்குப் போகும் பயிருக்கும் காட்டவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, இருப்புப் புத்தகத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்க்கவேண்டும். இரகம், குவியல் எண், விதை விளைந்த மாவட்டம், அறுவடைப் பருவம், ஆயிரம் விதையின் எடை ஆகிய ஐந்தையும் அதில் எழுதவேண்டும். அங்கத்தினருக்கு வழங்கும் ரசீதிலும் குவியல் எண் இருக்கவேண்டும். விற்பவர் விவரம் தரமறுத்தால், மறுத்தார் என்றே எழுதலாம். இரண்டு முறை அப்படி எழுதப்பட்ட இடத்தில் மூன்றாம் முறை வாங்குவதா என்பதை நிர்வாகக் குழு யோசிக்கட்டும்.

இரண்டாவது, வழங்குமுன் வீரியச் சோதனை செய்யவேண்டும். ஜெர்மனியில் ஹில்ட்னர் என்பவர் 1911இல் புகுத்திய எளிய முறை இன்றும் பயன்படத்தக்கது. தட்டில் ஈரமான செங்கல் தூளின்மேல் நூறு விதைகளைப் பரப்பி, சுமார் 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் பொடித்த செங்கல்லால் மூடவேண்டும். அதைத் துளைத்துக்கொண்டு மேலே வருபவையே திடமான நாற்றுகள். குதிரைமசால், க்ளோவர் போன்ற நுண்ணிய விதைகளுக்கு மூடும் கனத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு குவியல்களை அருகருகே, ஒரே கனத்தில் மூடி வைத்துப் பார்த்தால் வேறுபாடு ஒரு வாரம் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியும். இதற்குப் பட்டமும் வேண்டாம், யந்திரமும் வேண்டாம்.

மூன்றாவது, சல்லடையால் பருமன் பிரித்து, பொடி விதையைக் கலவாமல் வழங்கவேண்டும். பிரித்தெடுத்த பொடி ஓட்ஸை மாட்டுக்கு வைக்கலாம் என்று தோன்றும். பூசண மருந்து கலந்த விதையாயின் அதைத் தீவனமாகக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது.

நான்காவது, ஒவ்வொரு குவியலிலிருந்தும் கால் கிலோ மாதிரியை முத்திரையிட்டுப் பருவம் முடியும் வரை வைத்திருக்கவேண்டும். பயிர் பழுதானால் அந்த மாதிரியே அங்கத்தினரின் சாட்சி.

ஐந்தாவது, அண்டையிலுள்ள சில சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு தாய்ப் பாத்தி வைத்துக்கொள்ளலாம். கிக்குயுவுக்கும் கம்பு-நேப்பியருக்கும் நோயற்ற கரணை அதிலிருந்தே கிடைக்கும். பருவம் ஒத்துவரும் இடத்தில் ஓட்ஸ் விதையையும் விளைவிக்கலாம். ஏற்கெனவே உழுத நிலத்திலேயே இது அமையவேண்டும். சோலையை அடுத்த இயற்கைப் புல்வெளியை இதற்காகக் கொத்துவது, தோடரின் எருமைக்கும் நம் அனைவரின் நீர் ஊற்றுக்கும் செய்யும் தீங்காகும்.

விதைத் துறையில் கூட்டுறவு இப்போது அகில இந்திய அளவிலும் வளர்ந்திருக்கின்றது. 2023இல் பாரதிய பீஜ் சககாரி சமிதி என்ற பல்மாநில விதைக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. இஃப்கோ, கிரிப்கோ, நாஃபெட் ஆகியவற்றோடு தேசியப் பால்வள அபிவிருத்தி வாரியமும் தேசியக் கூட்டுறவு அபிவிருத்திக் கழகமும் அதனைத் தோற்றுவித்துள்ளன. கூட்டுறவு உற்பத்தி செய்யும் விதையைக் கூட்டுறவே வாங்கும்போது, தாயைப் பற்றிக் கேட்பது சொந்தக்காரரின் உரிமையாகின்றது. கீழுள்ள சங்கங்கள் கேட்கத் தொடங்கினால் மேலுள்ள சங்கங்கள் சொல்லத் தொடங்கும்.

1935இல் நீலகிரி விவசாயிகள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தபோதும், அதே ஆண்டில் நெசவாளர்கள் இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கும் சங்கத்தை நிறுவியபோதும், தரகர் சொன்ன கணக்கை அப்படியே நம்புவதை விட்டுத் தம் கணக்கைத் தாமே எழுத முற்பட்டனர். நூலின் நம்பரைக் கேட்டு வாங்க நெசவாளரும், தராசின் முள்ளைப் பார்த்து விற்க உழவரும் அப்போது கற்றனர். தீவன விதையின் தாயைக் கேட்டு எழுதுவது அக்கணக்கின் தொடர்ச்சியேயாகும். வரும் விதைப்புப் பருவத்துக்குள் ஒவ்வொரு சங்கமும் தன் நிர்வாகக் குழுவில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி, புத்தகத்தில் அந்த ஒரு பத்தியைக் கோடிட்டு வைக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகின்றேன்.